பேகனிடம் பரணர் கேட்ட பரிசில்

கவிதையின் ஆற்றல் அருஞ்சொற்களில் இருக்கிறது என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் வேரூன்றியுள்ளது. அரபு அணியிலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி 11ஆம் நூற்றாண்டிலேயே இதனை மறுத்தார். தனித்து நிற்கும் சொல்லுக்கு உயர்வு தாழ்வு இல்லை. பிற சொற்களோடு அது கொள்ளும் உறவே அதற்கு மதிப்பளிக்கிறது என்பது 'தலாஇலுல் இஃஜாஸ்' நூலில் அவர் நிறுவும் கருத்தாகும். இதற்குப் பழனி மலையிலேயே ஒரு சான்று உண்டு.

அம்மலைநாட்டை ஆண்ட ஆவியர் பெருமகன் வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்து புகழ்கொண்டவன். அவனே தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான். அவள்பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. அவற்றுள் பரணரின் 145ஆம் பாடலை நோக்குவோம்.

மயிலின் நிலையைக் கூற அவர் தேர்ந்த சொல் 'பனிக்கும்' என்பது. பனி, பெயராயின் குளிர், வினையாயின் நடுக்கம். மார்கழி இரவில் கொடைக்கானல் மலைச்சாலையில் சென்றவர்க்கு இதற்கு உரை வேண்டா. 'நடுங்கும்' என்றிருந்தால் காரணத்தைத் தனியே கூற நேர்ந்திருக்கும்.

அடுத்தது 'அருள்'. மயிலுக்கு ஈந்ததை 'அருளி' என்கிறார். சில அடிகளுக்குப் பின் பேகனையே அருளை விரும்புவோனே என்று விளிக்கிறார். முந்தைய 144ஆம் பாடலின் தொடக்கத்திலேயே அருளாமை கொடிது என நேரே இடித்துரைத்தவர் அவர். இங்கே சுடுசொல் ஒன்றும் இல்லை. மயிலுக்குக் கிடைத்த அருள் மனைவிக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கேட்பவனே உணர்ந்து நாணுமாறு சொல் மீண்டும் வருகிறது. ஆதலின் இப்பாடலே வலிமை மிக்கது என்போம்.

மூன்றாவது 'பரிசில்'. பொன்னையும் களிற்றையும் குறித்து வழங்கிய சொல் இது. பசித்து வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றமும் இல்லை என முதலில் மறுத்துவிட்டு, இரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். கேட்பவர் புலவர்; பெறுபவள் கண்ணகி.

எனினும் பாடலுள் அவள் பெயர் இல்லை. இன்னாது உறைபவள் என்ற அளவிலேயே அவள் சுட்டப்படுகிறாள். பெயரைப் பாடலின் கீழுள்ள பழங்குறிப்பே தருகிறது. பெயர் கூறாமை புலவரின் நாகரிகம் எனலாம். ஆயினும், அவள் தன் சொல்லால் பேசிய பாடல் ஒன்றும் நமக்கு எஞ்சவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பனிக்கும், அருள், பரிசில் ஆகிய மூன்றும் அக்காலத்துப் புலவர் யாவர்க்கும் பொதுவான சொற்களே. பரணர் புதிதாக ஒரு சொல்லையும் ஆக்கவில்லை. இருந்த சொல்லை அதற்குரிய இடத்தில் வைத்தார்.