நேர்காணலுக்கு ஆயத்தமாதல்: பயனும் பழுதும்

மதிப்பெண் பட்டியலில் தெரியாத ஒன்றைத் தேடித்தான் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு நேர்காணல் நடத்துகின்றன. பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் மாணவர் இதுவரை கற்றதைக் காட்டும். முன்பின் பார்த்திராத கேள்வி வந்தால் அவர் எப்படி யோசிக்கிறார், தவறைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொண்டு மேலே போகிறாரா, கேட்டு வந்த படிப்பில் உண்மையான நாட்டம் உண்டா என்பவற்றை நேரில் பேசித்தான் அறிய முடியும் என்பது நேர்காணலை ஆதரிப்போரின் வாதம். இந்த நேர்காணலை ஒட்டி வளர்ந்ததே ஆயத்தப் பயிற்சி. மாதிரி நேர்காணல், கேள்வித் தொகுப்பு, கட்டண வகுப்பு என்று அது பல வடிவில் நடக்கிறது. அது மாணவருக்கு எதைத் தருகிறது, எதைக் கெடுக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் தரம் விளங்கும்.

நேர்காணல் எதைத் தேடுகிறது?

சேர்க்கை நேர்காணலுக்குப் பெயர்போனவை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும். ஆக்ஸ்போர்டில் இளநிலைப் படிப்புக்கு அக்டோபர் மாதத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டி, டிசம்பரில் ஏறத்தாழ 10,000 பேரை நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். இடங்கள் சுமார் 3,300. அழைக்கப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கே இடம். 2020 முதல் இது இணையவழியில் நடக்கிறது. கேள்வி கேட்பவர்கள் அந்தந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களே. ஒன்றிரண்டு மாணவர்கள் ஆசிரியரோடு அமர்ந்து, தாங்கள் எழுதியதையும் கணக்கிட்டதையும் விவாதிக்கும் டியூட்டோரியல் முறையில்தான் அங்கே கல்வி நடக்கிறது. அந்த முறையில் இந்த மாணவர் கற்பாரா என்று பார்ப்பதே நேர்காணலின் வேலை.

ஆக்ஸ்போர்டு வெளியிட்ட மாதிரிக் கேள்விகளில் கணிதத்துக்கான ஒன்று இது. சுவரில் சாய்த்து வைத்த ஏணி சறுக்கித் தரையில் விழுகிறது. விழும்போது அதன் நடுப்படி எந்த வடிவத்தில் நகர்கிறது? சுவரும் தரையும் சேரும் மூலையை நோக்கி உட்குழிந்த வளைவு என்றே பலருக்கும் முதலில் தோன்றும். அது தவறு. சுவரும் தரையும் ஏணியும் எந்நேரமும் ஒரு செங்கோண முக்கோணமாக இருக்கின்றன. ஏணிதான் அதன் கர்ணம். கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று முனைகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே ஏணி எந்த நிலையில் இருந்தாலும், நடுப்படி மூலையிலிருந்து ஏணியின் பாதி நீளத்திலேயே இருக்கும். அது வரைவது கால்வட்டம்.

இதில் விடையைவிட விடைக்குப் போகும் வழிதான் கவனிக்கப்படுகிறது. தவறாக ஊகித்த மாணவர் ஒரு தாளை எடுத்து, ஏணி நிமிர்ந்து நிற்கும் நிலையையும் தரையில் கிடக்கும் நிலையையும் வரைகிறார். பிறகு 45 பாகையில் சாய்ந்த நிலையை வரைந்து, நடுப்படி தாம் நினைத்த வளைவுக்கு வெளியே இருப்பதைக் காண்கிறார். ‘நான் சொன்னது பொருந்தவில்லை, வேறு வழி பார்க்கிறேன்’ என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கால்வட்டம் என்று சட்டென்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டதும் நின்றுவிடுபவரிடம் அது கிடைப்பதில்லை. உயிரியலில் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வியும் இத்தகையதே. பொறிவண்டும் சிவப்பு, ஸ்ட்ராபெரிப் பழமும் சிவப்பு, ஏன்? ஒன்று உண்ணவரும் பறவையை எச்சரிக்கிறது, மற்றொன்று விதை பரப்ப விலங்கை அழைக்கிறது என்ற இடத்துக்கு மாணவர் தாமே பேசிப் பேசி வந்து சேர வேண்டும்.

ஆயத்தத்தின் மூன்று வகைகள்

நேர்காணலுக்கு ஆயத்தமாவதில் மூன்று வேறுபட்ட செயல்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. முதலாவது, பாடத்தைப் பாடநூலுக்கு அப்பாலும் படிப்பது. விண்ணப்பத்தில் ஒரு நூலைக் குறிப்பிட்டால் அதை மறுபடி படித்து, எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று தெளிவதும் இதில் சேரும். இரண்டாவது, வாய்விட்டு யோசிக்கப் பழகுவது. தெரியாத கணக்கையோ படத்தையோ பத்தியையோ முன்னால் வைத்து, மனத்தில் ஓடுவதை ஒருவரிடம் சொல்லிக்கொண்டே தீர்ப்பது இது. மூன்றாவது, விடைகளைத் தயாரித்து மனப்பாடம் செய்வது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘இந்தப் படிப்பு ஏன்?’, ‘இந்தப் பல்கலைக்கழகம் ஏன்?’ என்ற கேள்விகளுக்குச் செப்பனிட்ட பத்திகளை ஒப்பிக்கப் பழகுவது இந்த வகை. பயிற்சியைப் புகழ்வோர் பெரும்பாலும் முதல் இரண்டை நினைத்தும், பழிப்போர் மூன்றாவதை நினைத்தும் பேசுவதால் விவாதம் ஒரு முடிவுக்கு வருவதில்லை.

பயிற்சியின் பலம்

முதல் இரண்டு வகைகளின் நன்மை மறுக்க முடியாதது. பெரியவர்கள் இருவர் எதிரே அமர்ந்து கேள்வி கேட்பது பல மாணவருக்கு வாழ்வில் முதல் அனுபவம். அதை ஒருமுறையாவது முன்கூட்டிப் பழகியவருக்குப் பதற்றம் குறையும். பதற்றம் குறைந்தால் இருக்கும் அறிவு வெளியே வரும். பயிற்சி இங்கே இல்லாத திறமையைப் போலியாக உண்டாக்கவில்லை, இருக்கும் திறமைக்குத் தடையாக நிற்பதை நீக்குகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவருக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாகத் தேவை. பாடத்தின் பின்பக்க வினாக்களுக்குக் குறித்துக் கொடுத்த விடையை எழுதி மதிப்பெண் வாங்கியவர், ஆசிரியர் முன் தவறாகப் பேசிவிடக் கூடாது என்றே பழகியிருப்பார். விடை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாய் திறப்பது வகுப்பறையில் அடக்கமாக எண்ணப்படுகிறது. நேர்காணலிலோ அந்த மௌனம் அறியாமையாகப் படிக்கப்படும். ‘எனக்கு இது தெரியாது, ஆனால் இப்படித் தொடங்கிப் பார்க்கலாம்’ என்று சொல்லும் துணிவு பயிற்சியால்தான் வரும்.

இன்னொரு பலமும் உண்டு. பாடத்துக்கு அப்பால் படித்த நூல், இடம் கிடைக்காவிட்டாலும் வீணாவதில்லை. வாய்விட்டு யோசிக்கும் பழக்கம் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஆய்வகத்திலும் கருத்தரங்கிலும் கைகொடுக்கும். தேர்வு முடிந்த பிறகும் பயன் மிஞ்சுவதே ஒரு பயிற்சி நல்ல பயிற்சி என்பதற்கு அடையாளம்.

பயிற்சியின் பழுது

மூன்றாவது வகை இதற்கு நேர்மாறானது. மனப்பாடம் செய்த விடை முதல் கேள்வியைத் தாங்கும், தொடர் கேள்வியில் உடைந்துவிடும். சமூகத் தொண்டில் ஈடுபாடு உண்டு என்று அழகாகச் சொன்னவரிடம், அந்தத் தொண்டால் யாருக்கு என்ன மாறியது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, மனப்பாடம் கேட்கும் திறனையே மங்கச் செய்வது. தயார் செய்த விடைக்கு ஏற்ற கேள்வியையே எதிர்பார்த்திருப்பவர், உண்மையில் கேட்கப்பட்டது என்ன என்று கவனிப்பதில்லை. ஆசிரியர் இடையில் தரும் குறிப்பு உதவிக்காகத் தரப்படுவது. ஒப்பிக்க வந்தவருக்கோ அது குறுக்கீடாகத் தோன்றுகிறது. கற்பித்தால் கற்றுக்கொள்வாரா என்று சோதிக்கும் இடத்தில், கற்றுக்கொள்ள மறுக்கும் தோற்றத்தை அவர் தாமே உண்டாக்கிவிடுகிறார்.

ஒரே பயிற்சி மையத்திலிருந்து வருபவர்கள் ஒரே சொற்களில், ஒரே ஏற்ற இறக்கத்தில் பேசுவதும் உண்டு. தனக்கென்று ஒரு பார்வை உடைய மாணவரும் அந்த அச்சில் வார்க்கப்பட்டபின் மற்றவரைப் போலவே ஒலிக்கிறார். பணம் கொடுத்து வாங்கிய பயிற்சி அவரிடம் இருந்த சிறப்பையே மறைத்துவிடுகிறது.

சமமில்லாத வாய்ப்பு

நல்ல பயிற்சியிலும் தீராத குறை ஒன்று உண்டு. அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பிரிட்டனில் கட்டணத் தனியார் பள்ளிகளில் படிப்போர் மொத்த மாணவரில் ஏறத்தாழ 7 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டில் சேரும் பிரிட்டன் மாணவரிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறார்கள். பாடத் தேர்வு, மதிப்பெண், பள்ளியின் அறிவுரை எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. ஆண்டுதோறும் இந்த நேர்காணலுக்கு மாணவரை அனுப்பிப் பழகிய பள்ளியில் மாதிரி நேர்காணல் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் இருப்பதும் அவற்றுள் ஒன்று. மாதிரிக் கேள்விகளை எல்லாரும் பார்க்க வெளியிடுவதும், அரசுப் பள்ளி மாணவருக்காக யூனிக் என்ற கட்டணமற்ற கோடைப் பள்ளியை நடத்துவதும் ஆக்ஸ்போர்டு இந்த இடைவெளியைக் குறைக்க எடுத்த முயற்சிகள். கேள்வி வெளியானால் அதை வைத்து வணிகம் செய்வோரும் பயன்பெறுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் மறைத்து வைத்தால் வணிகருக்கு மட்டுமே பயன் கிடைக்கும்.

இந்தியாவில் இதே சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒருகாலத்தில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு, உடல்திறன், பொதுத்திறன், நாட்டம் போன்ற தலைப்புகள் வகுக்கப்பட்டிருந்தும், தலைப்புவாரியாக மதிப்பெண் இடாமல் மொத்தமாக இட்டார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. நேர்காணலுக்கு 75 என்பதே மிகை என்றும் கருதியது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் 150 மதிப்பெண்ணில் 50 நேர்காணலுக்கு இருந்தது. இரண்டு மூன்று நிமிடமே நேர்காணல் நடந்தது என்றும், பெற்றோர் யார், ஊர் எது என்ற வகையில் கேள்விகள் இருந்தன என்றும் மாணவர்கள் முறையிட்டார்கள். இத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980 இல் தீர்ப்பு வந்தது. மூன்று நிமிடத்தில் யோசனையை அளக்க முடியாது. உடை, ஆங்கிலம், குடும்பப் பின்னணி ஆகியவையே கண்ணில் படும். அப்படிப்பட்ட நேர்காணலுக்கு எவ்வளவு நேர்மையாக ஆயத்தமானாலும் அது வெளித்தோற்றத்தை மெருகேற்றுவதாகவே முடியும்.

முனைவர் பட்டச் சேர்க்கையிலும் இந்த இழுபறி தொடர்ந்தது. 2016 இல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் தேர்வைத் தகுதிக்கு மட்டும் என்று வைத்து, இறுதித் தேர்வை நேர்காணலிடம் விட்டது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அங்கே அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாட்டில் பாகுபாட்டின் சாயலைக் கண்டு, வாய்மொழித் தேர்வை 30 மதிப்பெண்ணிலிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. 2018 இல் மானியக் குழுவின் விதி, எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று மாறியது.

அளவுகோலின் நம்பகம்

நேர்காணல் சரியாக அளக்கிறதா என்ற கேள்விக்கு, எதிர்பாராமல் நடந்த ஒரு சோதனை விடை தந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1979 இல் 800 பேரை நேர்காணல் செய்து தரவரிசைப்படுத்தி, 150 பேரைச் சேர்த்தது. பிறகு மாநிலச் சட்டமன்றம் மேலும் 50 இடங்களை நிரப்பச் சொன்னது. அதற்குள் நல்ல தரவரிசை பெற்றவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டதால், பட்டியலின் கடைசி நூற்றுக்குள் இருந்தவர்களிலிருந்து 50 பேர் சேர்க்கப்பட்டார்கள். படிப்பு முடியும் வரையும் அதற்குப் பிந்தைய முதல் ஆண்டுப் பயிற்சியிலும் இரு குழுவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 1987 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அவர்களைப் பட்டியலின் அடியில் தள்ளியதில் பெரும்பங்கு நேர்காணல் செய்தவர்களின் மனப்பதிவுக்கே இருந்தது. நேர்காணலில் தோற்ற மாணவர் தம்மைத் தகுதியற்றவர் என்று முடிவுகட்டத் தேவையில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது.

இந்தப் பலவீனத்தைப் போக்கக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் பல குறுநேர்காணல் முறையை உருவாக்கி, 2004 இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. மாணவர் ஏறத்தாழ பத்து அறைகளுக்கு அடுத்தடுத்துச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் வேறு சூழல், வேறு மதிப்பீட்டாளர், எட்டு நிமிடம். ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் தீர்மானிக்க முடியாது. ஓர் அறையில் தடுமாறியவர் அடுத்த அறையில் புதிதாகத் தொடங்கலாம். எல்லாரும் ஒரே கேள்விகளை எதிர்கொள்வதால் ஒப்பீடும் நியாயமாகிறது. ஒப்பித்த சுயவிவரத்துக்கு இங்கே இடம் மிகக் குறைவு.

எது தகுந்த ஆயத்தம்?

இவற்றை எடைபோட்டால், நேர்காணலுக்கு ஆயத்தமாவது தேவையானதே என்ற முடிவுக்கு வரலாம். மாணவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைப் பாடத்துக்கும், ஒரு பகுதியை வாய்விட்டு யோசிக்கும் பழக்கத்துக்கும் தர வேண்டும். அதற்கு விலை உயர்ந்த வகுப்பு தேவையில்லை. பாடம் தெரிந்த ஓர் ஆசிரியர், முன்னரே சேர்ந்த மூத்த மாணவர், அல்லது ‘ஏன்?’ என்று விடாமல் கேட்கும் ஒரு நண்பர் போதும். முனைவர் பட்டத்துக்குச் செல்பவர் தம் ஆய்வுத் தலைப்பு எந்த இடைவெளியை நிரப்புகிறது, அதைச் செய்யும் திறன் தமக்கு உண்டா, அந்தத் துறையில் அதற்கு வசதி உண்டா என்ற மூன்றுக்கும் தம் சொந்தச் சொற்களில் விடை சொல்லப் பழக வேண்டும். தமிழ்வழியில் படித்தவர் முதலில் தமிழில் வாதத்தைத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு நேர்காணல் மொழியில் சொல்லிப் பார்ப்பது நல்லது. தெளியாத வாதத்தை எந்த மொழியும் காப்பாற்றாது.

மாணவரின் கடமை அவ்வளவே. மீதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாதிரிக் கேள்விகளையும் மதிப்பிடும் முறையையும் வெளியிடுவது, தலைப்புவாரியாக மதிப்பெண் இடுவது, போதிய நேரம் தருவது, ஒருவருக்கு மேற்பட்டவர் தனித்தனியே மதிப்பிடுவது, நேர்காணலின் பங்கை அளவோடு வைப்பது ஆகியவற்றைச் செய்யாத நிறுவனம், பயிற்சி வணிகத்தைக் குறைசொல்லும் தகுதியை இழக்கிறது. விதிகள் வெளிப்படையாக இருந்தால் நல்ல ஆயத்தம் எல்லாருக்கும் எட்டும். விதிகள் மறைந்திருக்கும் வரை, அவற்றை ஊகித்துச் சொல்வதற்குக் கட்டணம் கொடுக்க முடிந்தவரே முன்னால் நிற்பார்.