கைக்கு வந்து சேரும் சாலை

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் கருசெல் என்றொரு வளைவு. சாய்வாகப் பதித்த கான்கிரீட் பலகைகள், நடுநடுவே இணைப்புகள். 'அசெட்டோ கோர்சா' என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில் அதற்குள் இறங்கிப் பாருங்கள். விளையாட்டு அதேதான், வளைவும் அதேதான். விளையாடப் பொருத்தும் ஸ்டீயரிங்கை மாற்றினால், அதன் மோட்டார் வழியே கைக்கு வரும் சேதி மாறிவிடுகிறது.

லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கில் மோட்டாருக்கும் கைக்கும் நடுவே பல்சக்கரங்கள். இணைப்புகள் கடகடவென்று தெரியும். ஆனால் விசை திசை மாறும் இடத்தில், பற்களுக்கிடையே உள்ள சின்ன இடைவெளியில், ஒரு கணம் கை வெறுமையாகிவிடும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட்டில் இயங்குவது. வழவழப்புதான் அதன் அழகு; நுண்ணிய அதிர்வுகளைப் பெல்ட் கொஞ்சம் விழுங்கிவிடும்.

டைரக்ட் டிரைவ் என்ற வகையில் ஸ்டீயரிங் மோட்டாரின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2021-இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி அடிப்படையில் 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 'சிமுக்யூப் 2 ப்ரோ'வில் அது 25. எல்லோரும் பலத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது நுணுக்கம். முன்டயர் பிடியின் எல்லையை நெருங்கும்போது, ஸ்டீயரிங்கை நேராக்க இழுக்கும் விசை பிடி போவதற்கு முன்பே குறையத் தொடங்கும். விறைப்பாக நின்ற பட்டத்தின் நூல் மெல்லத் தொய்வதுபோல அது விரலுக்குத் தெரியும். அப்போது மேலும் திருப்பாமல் துளி தளர்த்தினால் போதும், டயர் மறுபடி பிடித்துக்கொள்ளும். என்னவொரு சுகம் அது!

விளையாட்டின் அமைப்புகளில் விசையை உச்சத்தில் வைத்து ஓட்டுவது மட்டும் வேண்டாம். மோட்டாரின் எல்லைக்கு மேலே எல்லாம் ஒரே கனமாகிவிடும்; இந்தத் தொய்வு தெரியவே தெரியாது.