தடைப் பட்டியலும் அதில் தங்கிவிட்ட பெயர்களும்

நூலகத்தில் சில நூல்களை மாணவர்க்குத் தரலாகாது என்று முடிவு செய்தால், நூலகர் அவற்றைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். பூட்டிய நூல் இடம் மாறாது, பெயரும் மாறாது. இணையத்தில் இந்த வசதி இல்லை. நீங்கள் ஒரு வலைத்தள முகவரியைத் தட்டியதும், வடிகட்டி அதைத் தன்னிடமுள்ள தடைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பெயர் இருந்தால் வழி அடைபடும். எனவே வடிகட்டியின் தரம் என்பது பட்டியலின் தரமே.

தடுப்பதில் மூன்று வகை உண்டு. கணிப்பொறியின் எண்முகவரியைத் தடுக்கலாம்; தளத்தின் பெயரைத் தடுக்கலாம்; ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கலாம். முதல் வகை எளியது, ஆனால் முரட்டுத்தனமானது. ஒரே எண்முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கக் கூடும். ஒரு கடையை மூடுவதற்காகக் கடைத்தெருவையே அடைப்பது போன்றது இது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 400 தளங்களைத் தடுக்க முனைந்தபோது, தொடர்பே இல்லாத 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அடைபட்டன. 2004இல் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

அப்படியானால் பக்கத்தை மட்டும் தடுப்பது போதுமா? பிரிட்டனின் இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன் அவ்வாறுதான் செய்கிறது. 2008 டிசம்பர் 5 அன்று விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம் அதன் பட்டியலில் ஏறியது. 1976இல் வெளியான ஓர் இசைத்தட்டின் உறைப்படம் அதற்குக் காரணம். அந்த ஒரு பக்கத்தைப் பிரிப்பதற்காக, இணைய நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்குச் செல்லும் போக்குவரத்து முழுவதையும் சில இடைக் கணிப்பொறிகள் வழியே திருப்பின. விளைவு என்ன தெரியுமா? பிரிட்டனின் பெரும்பகுதி மக்கள் விக்கிப்பீடியாவின் கண்ணுக்கு ஒரு சில ஆட்களாகத் தோன்றினர்! பதிவு செய்யாத பலரால் கட்டுரைகளைத் திருத்த இயலவில்லை. டிசம்பர் 9 அன்று அந்தப் பக்கம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நான்கு நாளில் திருத்தம் வந்ததற்குக் காரணம், மாட்டிக்கொண்டது விக்கிப்பீடியா என்பதே. ஓர் ஊர்ச் சங்கத்தின் சிறு தளம் மாட்டியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? பட்டியல் வைத்திருப்போர் "நாள்தோறும் புதுப்பிக்கிறோம்" என்று பெருமை பேசுவது வழக்கம். புதுப்பித்தல் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சேர்த்தலைத்தான். தளப்பெயர் என்பது வாடகைச் சொத்து. வாடகை கட்டாவிட்டால் பெயர் பறிபோகும்; வேறொருவர் அதை வாங்கலாம். முன்பு சூதாட்டத் தளமாக இருந்த பெயரில் இன்று ஒரு பள்ளி இருக்கலாம். பள்ளியின் பழைய பெயரில் சூதாட்டம் நடக்கலாம். சேர்த்த நாளும், சேர்த்ததன் காரணமும் குறிக்காத பட்டியலில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியார் சோதிக்கலாமென்றால், வணிக நிறுவனங்கள் பட்டியலைப் பூட்டி வைக்கின்றன. அப்பூட்டைத் திறந்து ஆராய்வோருக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து 2000த்திலும் 2003இலும் விலக்கு அளிக்கப்பட்டது. 2006இல் அது தொடரப்படவில்லை. இது வருந்தத்தக்கது. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அத்தகைய பட்டியலை ஊரறிய வெளியிடவும் முடியாது. ஆனால் ஆபாசம், சூதாட்டம், மருந்து என்று வகை பிரித்து விற்கப்படும் பட்டியல்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதில் இழப்பு யாருக்கு? அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வடிகட்டிகளை மிகத் தளர்வான நிலையில் வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 விழுக்காடும், உடல்நலத் தளங்களில் 1.4 விழுக்காடும் தடைபட்டன. மிகக் கடுமையான நிலைக்கு மாற்றியபோது முதல் எண் 91 ஆயிற்று. இரண்டாவது எண் 24 ஆயிற்று. நான்கு விழுக்காட்டுக் கூடுதல் காவலுக்காக, நோயைப் பற்றித் தேடிய மாணவனுக்கு நான்கில் ஒரு கதவு மூடப்பட்டது. அந்த நிலையைத் தேர்ந்தெடுப்பவர் வடிகட்டியை நிறுவுகிறவர். உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் அது எந்த நிலையில் இருக்கிறது, தவறாக அடைபட்ட தளத்தைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.