ஐக்கியம் என்னும் சொல்லும் கிறிஸ்து சமய முத்தியும்

ஒரு சமயத்தார் தம் முத்திநிலையைக் குறித்தற்கு ஆளுஞ் சொல்லை மற்றொரு சமயத்தார் தம் நூல்வழக்கே பற்றி உணர்வாராயின், அதனால் விளையும் மயக்கம் கண்டனத்தாலும் நீங்காது, சமரசத்தாலும் நீங்காது. தமிழ் விவிலியத்தில் வழங்கும் ‘ஐக்கியம்’ என்னுஞ் சொல் இதற்குத் தக்க சான்றாம். ஹென்றி பவர் முதலியோரால் திருத்தப்பெற்று 1871-இல் முழுமையாக வெளிவந்து, புரொட்டஸ்டண்டுச் சபைகளில் இன்றும் பெரிதும் ஓதப்பட்டுவரும் மொழிபெயர்ப்பில், யோவானின் முதல் நிருபத்து முதல் அதிகாரம், அடியார்க்குப் பிதாவோடும் குமாரனோடும் உளதாகுந் தொடர்பை ஐக்கியம் என்றே கூறுகின்றது. சைவ நூல்களிற் பயின்றாரொருவர் அதனைக் காணுங்கால், உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணத்துள் எடுத்து மறுத்த ஐக்கியவாதம் அவர் நினைவிற்கு வருதல் இயல்பே. வரவே, கிறிஸ்தவரும் உள்ளுற உயிரும் இறையும் ஒன்றாய்விடுதலையே முத்தியென்கின்றனர் என்பார் ஒருசாரார். அது வெறும் அலங்காரச் சொல். அவர் முத்தியென்பது நரகத் தண்டனைக்குத் தப்புதலே என்பார் மற்றொருசாரார். இவ்விருவர் கூற்றும் மூலநூலோடு பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் ‘கொயினோனியா’ என்பது. பொது என்னும் பொருட்டாய ‘கொயினோஸ்’ என்பதினின்றும் பிறந்தது. ஆகவே, ஒன்றனைப் பலர் பொதுவாக உடையராதல், அதிற் பங்குகொள்ளுதல் என்பதே அதன் முதற்பொருளாம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் சீமோனுக்கு மீன்பிடி தொழிலிற் கூட்டாளிகள் எனப்படுகின்றனர். அங்குள்ளதும் இவ்வேரிற் பிறந்த சொல்லே. எருசலேமிலிருந்த ஏழைகட்கு மக்கெதோனியரும் அகாயரும் சேர்த்தனுப்பிய பொருளுதவியைப் பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்திற் குறிக்குங்காலும் கொயினோனியா என்றே கூறுகின்றார். பேதுருவின் இரண்டாம் நிருபம் அடியார் தெய்வத் தன்மையிற் பங்குள்ளவராதலைச் சொல்லுமிடத்தும் அவ்வினச் சொல்லே வருகின்றது. தமிழ்செய்தார் இடத்திற்கேற்பக் கூட்டாளி எனவும், பங்கு எனவும், அப்போஸ்தலர் நடபடிகளில் அந்நியோந்நியம் எனவும் வேறுவேறாகப் பெயர்த்தனர். ஒருசொல் பலபொருட்டாங்கால் அங்ஙனஞ் செய்தல் குற்றமன்று. ஆயின் இறைவனோடுள்ள தொடர்பைக் கூறும் தலையாய இடத்திற் பங்கு என்னுங் கருத்தை முற்றும் மறைக்கும் ஐக்கியத்தைப் பெய்தமையே நாம் குறைகூறத்தக்கது. சீமோனும் யோவானும் பிடித்த மீனைப் பங்கிட்டுக்கொண்டனரேயன்றி இருவரும் ஒருவராய்விட்டிலர்.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, இவ்விடத்தில் ஐக்கியத்தை நீக்கி ‘நட்புறவு’ என்று வைத்தது. இருவர் இருவராகவே நிற்றலை இச்சொல் காக்கின்றது. அவ்வளவில் இது திருத்தமே. எனினும், நட்டார் இருவர்க்கும் பொதுவாய பொருள் யாது என்னும் வினா இதனுள் எழுதற்கிடமில்லை. மூலச்சொல்லோ அவ்வினாவையே முதற்கண் எழுப்புகின்றது.

பங்குகொள்ளப்படும் பொருள் யாதெனின், உயிர்வாழ்வு என்பது யோவானின் விடை. அவர் சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரத்தில், நித்தியவாழ்வாவது மெய்யான ஒரே கடவுளையும் அவரால் அனுப்பப்பட்டவரையும் அறிதலே என வரையறை செய்யப்படுகின்றது. இவ்வரையறையைக் கூர்ந்து நோக்குக. அறிந்தவர்க்கு வாழ்வு பின்னர்ப் பரிசிலாகக் கொடுக்கப்படும் என்பதன்று. அறிதலே வாழ்வு என்பது. எனவே இறைவனோடு கூடுந் தொடர்பு முத்திக்குச் சாதனமுமன்று, முத்திபெற்றபின் வரும் பயனுமன்று, அதுவே முத்தி. தண்டனை நீக்கம் அதனுள் ஒருகூறு மாத்திரையே.

இக்கருத்து மறைந்தமைக்குப் பிறர் மாத்திரம் பொறுப்பாளரல்லர். மேனாட்டுக் கிறிஸ்தவ ஆசிரியரே கடன், வழக்கு, தீர்ப்பு என்னும் உருவகங்களை மிகைபட விரித்தனர். அன்செல்ம் என்பார் 1098-இல் முடித்த நூலிற் பாவத்தை இறைவனது மாட்சிக்குச் செலுத்தாது விட்ட கடனாக வைத்து, அதனைத் தீர்த்தற்பொருட்டே கடவுள் மனிதனாயினார் என்று நிறுவினார். பின்வந்த சீர்திருத்தச் சபையாருட் பலர் இறைவனை நீதிபதியாகவும், உயிரைக் குற்றவாளியாகவும், கிறிஸ்துவை அவன் தண்டனையைத் தாமேற்றவராகவும் வைத்துப் பேசினர். சந்தைதோறும் விலையின்றி வழங்கப்படும் துண்டுநூல்களில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவ்வழக்குமன்றக் காட்சியே. விடுதலைபெற்ற குற்றவாளி நீதிபதியின் வீட்டிற்கு விருந்தாகச் செல்லவேண்டுவதில்லையே! அத்துண்டுநூல்களை மாத்திரம் படித்தவர் இச்சமயத்தை இழித்துரைப்பின் அது முற்றும் அவர்தம் குறையன்று.

ஆயினும், இவ்வுருவகத்திற்கு முதல்வராகக் கருதப்படும் லூத்தரே அதனளவில் அமைந்தவரல்லர். கிறிஸ்தவனது சுதந்திரத்தைப்பற்றி 1520-இல் அவர் எழுதிய சிறுநூலில் விசுவாசத்தின் பயன்களைக் கூறுமிடத்து, தீயிற் காய்ந்த இரும்பு தீயின் ஒளியைப் பெறுதல்போல உயிர் இறைவார்த்தையின் இயல்பைப் பெறும் என்றும், மணமகளும் மணமகனும் உடைமையைப் பொதுவாக்கிக்கொள்ளுதல்போல உயிரின் பாவம் கிறிஸ்துவுக்கும் கிறிஸ்துவின் நீதி உயிருக்கும் ஆகின்றன என்றும் விளக்குகின்றார். இஃது இல்லறத்திற் காணும் பொதுவுடைமை. கொயினோனியா என்பதன் நேர்ப்பொருள். இரும்பு ஒளிபெறினும் இரும்பாகவே யிருத்தலும் காண்க. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் துவோமோ மன்னெர்மா முதலியோர் 1970-களிலிருந்து லூத்தர் நூல்களை மீண்டும் ஆராய்ந்து, விசுவாசத்தினுள்ளே கிறிஸ்துவே உறைகின்றார் என்பது அவர் கொள்கையின் நடுவிடம் என நிறுவ முயன்றனர். அவர் முடிபு அனைத்தும் யாவர்க்கும் உடன்பாடன்று; எனினும் 1520-ஆம் ஆண்டு நூல் அவர் பக்கத்து நிற்கின்றதென்பதே எம் துணிபு. உரோமைச் சபையோ, திரெந்துச் சங்கத்தில் 1547-இலேயே, நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மாத்திரமன்று, அகம் புதுப்பிக்கப்படுதலுமாம் என்று விதித்தது. இருசபையாரும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்சுபர்க்கிற் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மன்னிப்பையும் புதுவாழ்வையும் பிரித்தலாகாதென ஒப்புக்கொண்டது.

இனி, பங்கு என்பது அபேதமாய் முடியாதோ எனின், முடியாதென்பதைக் கீழைச் சபையார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். உயிர் தெய்வத்தன்மை எய்தும் என்று அச்சமின்றிக் கூறுவோர் அவரே. அவருட் சிறந்த கிரெகொரி பலமாஸ், இறைவனது உள்ளியல்பு எவ்வுயிராலும் பங்குகொள்ளப்படாதது. அவனினின்றும் வேறாகாத செயலாற்றல்களிலேயே உயிர் பங்குகொள்கின்றது என்றார். கொன்ஸ்தாந்திநோபிளில் 1351-இற் கூடிய சங்கம் அதனை உறுதிசெய்தது. சிவத்தையும் சத்தியையும் குணியுங் குணமுமாக வைத்து உணர்ந்த நம்மவர்க்கு இப்பகுப்பு நன்கு விளங்கும்; ஆயின் விளங்குதல் வேறு, ஒன்றெனக் கொள்ளுதல் வேறு. அப்பகுப்பு எழுந்தது கிரேக்கத் துறவிகள் செபத்திற் கண்ட ஒளி படைக்கப்பட்டதோ அன்றோ என்னும் வழக்கிலிருந்து.

இங்ஙனமே மற்றோரிடத்தும் எச்சரிக்கை வேண்டும். யோவான் சுவிசேஷம் சீடரை ஊழியரல்லர், நண்பர் என்கின்றது; பவுல் கலாத்தியரை அடிமைகளல்லர், புத்திரர் என்கின்றார். இவற்றைக் கண்டவுடன் தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம் என நிரல்பட நிறுத்தல் நமக்கு எளிது. ஆனால் அவை அவர்க்குப் படிகளல்ல. நண்பரென்ற அப்பகுதியே, கட்டளையைக் கைக்கொள்வாரே நண்பர் என முன்வாக்கியத்திற் கூறுதலின், நட்புவந்தபின் ஊழியம் ஒழிந்ததென்பது பெறப்படாது.

இக்காலத்து உபதேசியார் பலர் ‘தனிப்பட்ட உறவு’ என்று ஓயாது கூறுகின்றனர். தானும் இறைவனுமாய் ஒருவன் மறைவிற் கொள்ளுந் தொடர்பு என அது பொருள்படுமாயின், நிருபம் அதற்கு இடந்தரவில்லை. அதன்கண் ‘எங்களோடு’ என்பது முன்னும், ‘பிதாவோடு’ என்பது பின்னுமாக வருகின்றன. இறைவனோடு தொடர்புண்டெனக் கூறி இருளில் நடப்பவன் பொய்யன் என்றும், ஒளியில் நடப்பின் ஒருவரோடொருவர் தொடர்புடையராவர் என்றும் அது மேற்செல்கின்றது. இறைவனோடு என்று வருமென எதிர்நோக்கிய இடத்தில் ஒருவரோடொருவர் என்று வந்தமை ஆராயத்தக்கது. எருசலேமின் ஏழைகட்குச் சென்ற பணத்திற்கும் அப்பெயரே வாய்த்தமை இதனால் தெளிவாம்.

இனி எஞ்சிநிற்பது கடிய தடையொன்று. முத்தியென்பது மன்றத்து விடுதலையாயின், தன்னை விடுவித்தவரை அறியாதானுக்கும் அது கிடைத்தல் கூடும். அறிதலும் பங்குகொள்ளுதலுமே முத்தியாயின், கிறிஸ்துவின் பெயரையே கேளாத கோடிக்கணக்கான உயிர்களின் நிலை யாது? நாமும் நம் முன்னோரும் அவருள் அடங்குதலின், இது நமக்குப் புறம்பான வினாவன்று. தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாது, நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்வழி நிற்போரும் மீட்படைதல் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இற் கூறிற்று. கார்ல் ரானர் அன்னாரைப் பெயரறியாக் கிறிஸ்தவர் என்றழைத்தார். தாம் ஏலாத பெயரைப் பிறர்க்கு இட்டார் எனப் பலர் அவரை மறுத்தனர். பெயரிடுதலால் தடை நீங்காது. ஒருவன் அறியாமலே அவனோடு உடன்செல்லுந் தொடர்பும் தொடர்பேயாமோ என்பதன்றோ வினா?

இதற்கு அவர் நூலுள்ளேயே ஓரிடம் உண்டு. லூக்காவின் இறுதி அதிகாரத்திற் சீடரிருவர் எருசலேமினின்று எம்மாவு என்னும் ஊருக்கு நடந்துசெல்கின்றனர். உயிர்த்தெழுந்தவர் வழியில் அவரோடு கூடி நடந்து நெடிது உரையாடுகின்றார். அவரோ இன்னாரென அறிந்திலர். மாலையில் உடனிருந்து அப்பத்தைப் பிட்டுக்கொடுத்த பொழுதே அவர் கண் திறந்தது. திறந்தவுடன் அவர் மறைந்தார். வழியில் அவர் பேசுங்கால் தம் நெஞ்சம் கனன்றதனைப் பின்னரே இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். அவ்வழிநடையைக் கொயினோனியா என்று லூக்கா கூறவில்லை. பிட்ட அப்பத்தையோவெனின், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் அச்சொல்லாலேயே குறிக்கின்றார்.