'ஆரஞ்சு' எனும் நிறப்பெயர்: சொல்வழியும் பொருள்வழியும்

1. முன்னுரை

ஐரோப்பிய மொழிகளின் நிறப்பெயர்களுள் தமிழ் ஆர்வலர் பலரும் உவந்து எடுத்துக்காட்டுவது 'ஆரஞ்சு' என்பதாகும். இச்சொல் தமிழிலிருந்து சென்றது. ஆதலின் ஐரோப்பியர் அந்நிறத்திற்குப் பெயரிட்டதே தமிழால்தான் என மேடைகளிலும் சிறு வெளியீடுகளிலும் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் ஒரு பாதி ஏற்கத்தக்கது, மறுபாதி சான்றற்றது. சொல்லின் பிறப்பிடம் வேறு, பொருளின் பிறப்பிடம் வேறு என்பதை மறந்தமையே இம்மயக்கத்திற்குக் காரணம். இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒரு கடைத்தெருச் சான்று

தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தில்லிக் கரோல் பாக்கின் அஜ்மல் கான் சாலையில் பழம் விற்பவர் தம் பழத்தைச் 'சந்தரா' என்கிறார். அதே சாலையில் துணி விற்பவர் அப்பழத்தின் நிறத்தை 'நாரங்கி' என்கிறார். நாரங்கி பழத்தையும் குறிக்குமெனினும், அன்றாட வழக்கில் பழத்திற்கு ஒன்றும் நிறத்திற்கு ஒன்றுமாக இருசொல் ஆட்சி பெருகியுள்ளது. அங்கு வாங்கவரும் தமிழரோ இரண்டையும் 'ஆரஞ்சு' என்ற ஒரே சொல்லால் கேட்கிறார். சந்தரா என்பதைப் போர்த்துக்கல் நாட்டுச் சிந்த்ரா நகரோடு இயைத்துக் கூறுவது மரபு. நாரங்கி பாரசீக வடிவம். ஆரஞ்சு ஆங்கில வழிவந்தது. பழத்தின் பெயரும் நிறத்தின் பெயரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு இத்தெருவே சான்றாகின்றது. சாலைக்குப் பெயர்தந்த அக்கீம் அஜ்மல் கான் நிறுவி, 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா கல்லூரியும் கரோல் பாக்கிலேயே உள்ளது. அங்குக் கற்பிக்கப்பெறும் யூனானி மருத்துவ மரபின் மொழிகளான அரபியும் பாரசீகமுமே இச்சொல்லை மேற்கே கொண்டுசென்றவை என்பது நினையத்தக்கது.

3. சொல்வழி

வடமொழி 'நாரங்கம்', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ச்', இசுப்பானிய 'நரான்ஹா', போர்த்துக்கீசிய 'லராஞ்சா' என இவ்வழி தெளிவானது. இத்தாலியத்தில் முன்நின்ற பெயரடைச் சொல்லின் னகரத்தோடு மயங்கி முதல் மெய் கெட, 'அரான்ச்சா' என்றாயிற்று. பிரெஞ்சு வடிவின் முதலெழுத்து ஒகரமானதற்குப் பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்னும் சொல்லின் சாயல் காரணமாகக் காட்டப்படுகிறது. அங்கேரிய 'நாரான்ச்' இன்றும் முதல் நகரத்தைக் காத்துள்ளது.

வடமொழிச் சொல் திராவிட மூலத்தது என்பது பலரும் ஒப்பும் கருத்து. ஆயின் அதனைத் தமிழ் என்று மட்டும் வரையறுத்தல் பொருந்தாது. தெங்கு, காய் என்பன கூடித் 'தேங்ங' என்றும், மா, காய் என்பன கூடி 'மாங்ங' என்றும் வழங்கும் மலையாளத்தில் 'நாரங்ங' என்பதும் அவ்வமைப்பிலேயே நிற்கின்றது. வடமொழி வடிவிற்குத் தமிழ் 'நாரத்தை'யினும் இதுவே ஒலியால் நெருங்கியது. மேலும், மணத்தல் பொருள்தரும் 'நாறு' என்பதிலிருந்து 'நாரத்தை' பிறந்தது என்பார், றகரம் ரகரமான காரணத்தைக் காட்டுதல் வேண்டும். அவ்விரண்டும் தொல்திராவிடத்திலேயே வேறுபட்ட ஒலிகள். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் 'நரந்தம்' இடம்பெறுவது உண்மையே. எனினும் அச்சொல் சங்க நூல்களில் நறுமணப் புல்லையும் குறித்து வழங்குதலின், அதனை எவ்விடத்தும் நாரத்தையாகக் கொள்ளுதல் இயலாது.

4. பொருள்வழி

மேற்கே சென்றது பழத்தின் பெயரே. நிறத்தின் பெயர் அன்று. அரபியர் வழி முதலில் ஐரோப்பா சென்றதும் புளிப்பும் கைப்பும் உடைய பழமே. இனிப்புப் பழம் போர்த்துக்கீசியர் வணிகத்தால் 16ஆம் நூற்றாண்டில் பரவியது. அதனாலேயே அரபியில் 'புர்துகால்' என்றும் கிரேக்கத்தில் 'போர்தொகாலி' என்றும் அந்நாட்டுப் பெயரே பழத்தின் பெயராயிற்று.

ஆங்கிலத்தில் பழப்பெயர் 14ஆம் நூற்றாண்டளவில் வழக்கிற்கு வர, நிறப்பொருள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றுகின்றது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் 'மஞ்சட்சிவப்பு' எனப் பொருள்படும் கூட்டுச்சொல் இருந்தது. சாசர் தம் கேன்டர்பரி கதைகளில் வரும் நரியின் நிறத்தை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்டது என்றே கூறினார். ஒற்றைச் சொல் அவர்க்குக் கிட்டவில்லை. எனவே நிறப்பொருள் ஐரோப்பிய மண்ணில் பின்னர் எழுந்த வளர்ச்சி என்பது வெளிப்படை.

அவ்வளர்ச்சியும் மொழிதோறும் ஒருபடித்தன்று. டச்சில் பழம் 'சீன ஆப்பிள்' எனப் பொருள்படும் பெயர் பெற, நிறம் 'ஒரான்யே' ஆயிற்று. உருசியத்திலும் பழம் 'அபெல்சின்', நிறம் 'ஒரான்ஷெவி'. அங்கேரியர் நிறத்தை 'ஆரஞ்சு மஞ்சள்' என்பர். டச்சு அரசகுடியின் பெயரோ பிரான்சு நாட்டு ஒராஞ்சு நகரைச் சார்ந்தது. அந்நகர்ப்பெயர் உரோமர் கால 'அரௌசியோ' என்பதன் திரிபு. 1544இல் வில்லியம் அச்சிற்றரசின் உரிமையைப் பெற்றபின், ஒலியொப்புமையால் அக்குடியின் அடையாளமாக இந்நிறம் நிலைபெற்றது. பழத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஊர்ப்பெயர் நிறப்பெயரின் பெருமையை வளர்த்தமை இது.

5. மொழிபெயர்ப்பு நோக்கு

தமிழ் இந்நிறப்பகுதியைச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பகிர்ந்தளித்துள்ளது. 'செவ்விளநீர்' எனப்படும் காயின் நிறம் இன்றைய வழக்கில் ஆரஞ்சே. 'செம்மஞ்சள்' என்பதோ இந்நிறத்தை மஞ்சளின் வகையாக்குகிறது. பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல் அதனைச் சிவப்பின் வகையாக்கியது. இரு சொற்களும் ஒத்த உறுப்புகளை உடையனவாயினும் தலைமைச்சொல் மாறுவதால் நோக்கு மாறுகின்றது. ஈழத்தமிழர் பழத்தைத் 'தோடம்பழம்' என்றும் நிறத்தைச் 'செம்மஞ்சள்' என்றும் வேறுபடுத்துவர். இலங்கைக் கொடியில் தமிழரைக் குறிக்கும் பட்டையும் செம்மஞ்சளே.

பெர்லின், கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்பெயரும் நிறப்பெயரும் ஒன்றாக உள்ள சொல்லை அடிப்படை நிறப்பெயராகக் கொள்வதில் ஐயம் தெரிவித்தும், ஆங்கில ஆரஞ்சை அடிப்படை நிறப்பெயராகவே கொண்டனர். அவ்வையம் தமிழ் 'ஆரஞ்சு'க்கும் உரியது. எனினும் வழக்கில் ஊன்றிய சொல்லை அயற்சொல் என்பதற்காகவே நீக்குதல் தகாது. இக்கால உரைநடையையும் விளம்பரத்தையும் பெயர்ப்போர் 'ஆரஞ்சு' என்றே ஆளலாம். 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்ட ஐரோப்பிய நூலைப் பெயர்ப்போர் 'செம்மஞ்சள்' என்பதையோ விரிவான தொடரையோ கொள்ளுதல் வேண்டும். அன்றேல் சாசர் அறியாத சொல்லை அவர் வாயில் இடும் பிழை நேரும். 'காவி' என்பதை இவ்விடத்துக் கலத்தலும் ஆகாது. அது மண்ணின் பெயரால் அமைந்து துறவோடு இயைந்தது.

6. முடிவுரை

'ஆரஞ்சு' திரும்பிவந்த சொல். ஆயின் புறப்பட்டபோது இல்லாத பொருளொன்றைச் சுமந்து திரும்பியது. அப்பொருளையும் நம்முடையதெனக் கோரின், உறுதியான சொல்வழிச் சான்றும் பிறரால் ஐயுறப்படும். திராவிடம் தந்தது பழத்தின் பெயர், ஐரோப்பா தந்தது நிறத்தின் பொருள் என்று பிரித்துரைப்பதால் தமிழுக்கு இழப்பேதும் இல்லை. ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தையும் சேலையின் ஆரஞ்சு நிறமும் ஒரே சொற்குடும்பத்தின் உறவினர் என்பதே போதிய வியப்பாகும்.