மல்டிமீட்டரும் மைக்ரோஆம்பியரும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி830 வகை மல்டிமீட்டர், நுண்ணிய மின்னோட்டம் அளக்க லாயக்கில்லை என்று எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் பலர் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் நியாயம்.

மீட்டர் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. தன்னுள் இருக்கும் ஒரு தடை வழியாக அதை ஓடவிட்டு, அங்கே விழும் வோல்டேஜைப் படிக்கிறது. இந்த வகை மீட்டரின் 200 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் அந்தத் தடை சுமார் 1 கிலோஓம். டீப் ஸ்லீப்பில், அதாவது பெரும்பகுதி அணைந்து தூங்கும் நிலையில், கிடக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு 10 மைக்ரோஆம்பியர் இழுத்தால் விழுவது 10 மில்லிவோல்ட். 3 வோல்ட் சர்க்யூட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பல மடங்கு விலையுள்ள ஃப்ளூக் 87வி மீட்டர் இதே வேலையைச் சுமார் 100 ஓமில் முடிக்கிறது. ஆனால் வழக்கமான திரை முறையில் இரண்டிலும் கடைசி இலக்கம் 0.1 மைக்ரோஆம்பியர்தான். துல்லியத்தில் ஃப்ளூக் முந்தும், சந்தேகமில்லை. பேட்டரி ஆயுளைக் கணக்குப் போடுபவருக்கு 10 என்பது 10.2 ஆனால் என்ன கெட்டுவிடும்?

போர்டு விழித்தால் கதை மாறுகிறது. இஎஸ்பி32 சிப் உள்ள போர்டு வைஃபையில் பேசும்போது 200 மில்லிஆம்பியரைத் தாண்டும். 1 கிலோஓமில் வெறும் 3 மில்லிஆம்பியரே 3 வோல்ட்டையும் விழுங்கிவிடும். ஃப்ளூக்கின் 100 ஓமும் இங்கே உதவாது. போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். ரேஞ்சை மாற்றலாம் என்று நாபைத் திருப்பினால், நடுவில் இணைப்பு அறுந்து மறுபடி ரீசெட். இரண்டு ப்ரோப்களையும் ஒரு ஜம்பர் வயரால் ஷார்ட் செய்து வைத்து, போர்டு தூங்கியதும் எடுத்துவிடுவது பழைய தந்திரம். அடுத்த முறை விழிக்கும்வரை அது செல்லும்.

மீட்டர் மீதான கனமான குற்றச்சாட்டு வேறு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 2 விநாடி சராசரியாக 80 மில்லிஆம்பியர் இழுக்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2 விநாடியை 600 விநாடிக்குப் பரப்பினால் 267 மைக்ரோஆம்பியர். தூக்கத்தின் 10 அதனோடு சேர்ந்தால் 277. மீட்டர் காட்டிய 10-ஐ மட்டும் நம்பினால் 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 28 ஆண்டு ஓட வேண்டும் (அதற்குள் பேட்டரியே செத்துவிடும் என்பது தனிக்கதை). உண்மையில் ஓடுவது ஓராண்டுக்குச் சற்று மேல். விநாடிக்கு இரண்டு மூன்று முறை மட்டும் எண் மாற்றும் திரை, துள்ளித் துள்ளி ஓடும் மின்னோட்டத்துக்குச் சராசரி சொல்லாது. இந்தக் குறை விலை உயர்ந்த கைமீட்டர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தூக்க மின்னோட்டத்தை அளக்க மீட்டரை விட்டுவிட்டு, பேட்டரியை எடுத்து, 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் போர்டை ஓடவிடும் முறையும் உண்டு. 10 விநாடியில் 0.1 வோல்ட் குறைந்தால் 10 மைக்ரோஆம்பியர். கண்டென்சரின் சொந்தக் கசிவு இதில் கலக்கும். வோல்டேஜைப் பார்க்க இணைக்கும் மலிவு மீட்டரின் 1 மெகாஓமும் 3 வோல்ட்டில் 3 மைக்ரோஆம்பியர் குடிக்கும். ஆகவே தொட்டுப் படித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். சரிபார்க்க இது போதும், முதல் சாட்சியாக நிற்காது.

என் தீர்ப்பு: தூக்க மின்னோட்டத்துக்கு மலிவு மீட்டரே போதும், விழிப்புக்கு எந்தக் கைமீட்டரையும் நம்ப வேண்டாம். பவர் லைனில் 1 ஓம் தடை வைத்து ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் 80 மில்லிஆம்பியர் 80 மில்லிவோல்ட்டாகத் தெரியும், எத்தனை விநாடி நீடிக்கிறது என்பதும் தெரியும். நார்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 போன்ற கருவி தூக்கம், விழிப்பு இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டும். ஒரே ஒரு சென்சார் செய்பவர் அதற்காகச் செலவழிக்கத் தேவையில்லை.