தீர்க்கதரிசனம் நின்றுபோச்சா? அருளப்பன் நாட்குறிப்பை முன்வைத்து

காரைக்குடியில் புத்தாண்டு நெருங்கினால் தீர்க்கதரிசனக் கூட்டங்களின் சுவரொட்டிகளைப் பார்க்கலாம். வேலை, கல்யாணம், வீடு என்று எல்லாத்துக்கும் அங்கே ஒரு வார்த்தை கிடைக்கும். அதே ஊரில் வேறொரு சபையில், வேதாகமம் எழுதி முடிந்ததோடு தீர்க்கதரிசனமும் முடிஞ்சுபோச்சு என்று போதிப்பார்கள். இரண்டு தரப்பும் திறப்பது ஒரே பக்கத்தைத்தான்: 1 கொரிந்தியர் 13. நிறைவானது வரும்போது தீர்க்கதரிசனம் ஒழியும் என்கிறார் பவுல். அந்த 'நிறைவானது' முழு வேதாகமமா, கிறிஸ்துவின் வருகையா? சண்டையே இதில்தான்.

இந்தச் சண்டையை நாம் பெரும்பாலும் அமெரிக்கர்களை வைத்தே போடுகிறோம். நின்றுவிட்டது என்பவர்களுக்கு 1918-இல் வந்த வார்ஃபீல்டின் புத்தகம். தொடர்கிறது என்பவர்களுக்கு 1906-இன் அசூசா தெரு. நம்ம பக்கத்துலயே அதுக்கு முன்னாடி நடந்த ஒன்று இருக்கிறது.

வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை. அங்கே ஊழியம் செய்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர், அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் சீடர், மிஷன் சம்பளம் வாங்காதவர். 1860-இல் அவரது சபைகளில் எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள், சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். இதெல்லாம் அவர் நாட்குறிப்பில் இருக்கிறது. வேடிக்கை என்னன்னா, குரோவ்ஸ் வழிவந்த பிரதரன் சபைகளில் பெரும்பாலானவை இந்த வரங்கள் ஓய்ந்துவிட்டன என்று சொல்பவை.

அந்த நாட்குறிப்பை 1939-இல் லண்டனில் புத்தகமாக்கியவர் ஜி. எச். லாங். அவரும் பிரதரன்காரர்தான். தன் சபைக்குச் சங்கடமான பகுதிகளை மறைக்காமல் கொடுத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லணும். ஆனால் இதே லாங், பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளைக் கடுமையாகச் சாடித் தனி நூலும் எழுதியிருக்கிறார். அருளப்பன் சரி, அசூசா தவறு என்றால் அளவுகோல் எது? புத்தகத்தை வாசித்து முடிக்கையில் மனதில் நிற்பது அருளப்பனின் நேர்மையும் எளிமையும்தான். நல்ல மனிதர், ஆகவே நல்ல எழுப்புதல் என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

எனக்கு இது போதவில்லை. திருவிதாங்கூரில் அடுத்த தலைமுறையில் எழுப்புதலை நடத்திய ஜஸ்டஸ் ஜோசப்பும் நல்லவர்தான். தமிழ் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த ஆங்கிலிக்கன் குரு, வித்வான், மலையாளத்தில் அருமையான பாடல்கள் எழுதியவர். 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். வருஷம் வந்தது, போனது. கூட்டம் முழுசாகக் கலையவில்லை. யுயோமயம் என்ற தனிச் சபையானது.

நல்லொழுக்கம் நல்ல தீர்க்கதரிசனத்துக்கு ஜாமீன் இல்லை.

இதில் தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 'தீர்க்கதரிசனம்' என்றால் தூரத்தை, வரப்போவதைப் பார்ப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு நாடி ஜோதிடமும் கோயில் கொடையில் சாமியாடி சொல்லும் குறியும்தான் நினைவுக்கு வரும். 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கு' என்கிறது. இங்கே பார்ப்பது போய் பேசுவது வந்துவிட்டது. பவுலும் 1 கொரிந்தியர் 14-இல் பக்திவிருத்தி, புத்திமதி, ஆறுதல் என்றுதான் அதன் வேலையைச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் தேதி இல்லை. கிறிஸ்தியான்பேட்டையில் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. 1881 முதல் வகை. 'நின்றதா, தொடர்கிறதா' என்ற ஒரே கேள்வியை இரண்டின் மேலும் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அது சுலபம். ஆனால் ஆறுதல் தேடி வந்த விதவையிடம் 'உனக்கு இனி வார்த்தை இல்லை' என்று சொன்னால் அவள் சுவரொட்டி காட்டும் இடத்துக்குத்தான் போவாள். அங்கேயோ மேடையில் சொன்னதை நம்பி ஒருவர் சர்க்கரை மாத்திரையையே நிறுத்தியது எனக்குத் தெரியும்.

அதே 14-ஆம் அதிகாரத்தில் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றும் இருக்கிறது. காரைக்குடியில் நான் போய்ப் பார்த்த கூட்டங்களில் மைக் ஒன்றுதான் இருந்தது. நிதானிக்க வேண்டிய மற்றவர்கள் கீழே நாற்காலியில், கையை உயர்த்தியபடி.